பத்து மீற்றர் வெற்றிடம்

ஆர்ச்வே பாதாள ரயில் நிலையத்தை விட்டு அஜந்தா வெளியே வந்தபோது பிற்பகல் மூன்றரை மணிதான். ஆனாலும் நவம்பர் மாதம். வெளிச்சம் அப்போதே வடியத் தொடங்கியிருந்தது. மேட்டுச் சாலையில் ஏறிய பேருந்துகள் விளக்குகளைப் போட்டுக்கொண்டு போயின. குடை பிடிக்கும் அளவுக்கு மழை இல்லை, பிடிக்காமல் நடக்கும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை.

பத்து நிமிடம் ஏறி, ஒரு பக்கத்தெருவில் திரும்பினாள். பழைய செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் தொற்றுக் காய்ச்சல்காரர்களை அடைத்து வைத்திருந்த ஆஸ்பத்திரி. பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம். இப்போது அதையும் விற்றாயிற்று. மேல்மாடிகள் எல்லாம் காலி. அடுத்த திங்கட்கிழமை இடிப்புக்காரர்கள் வருகிறார்கள். அதற்கு முன் காலி செய்ய வேண்டியது நிலக்கீழ் அறை ஒன்றுதான்.

அந்த அறைக்குப் பதினொரு மாதமாக அவள் வரவில்லை.

வாசல் மேசையில் காவல் வேலையில் இருந்தவர் றொனால்ட். மன்னார்க்காரர், அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, நீங்களோ வந்தது? வேற ஆரையும் அனுப்புவினம் எண்டு நினைச்சன்."

"அந்தக் குழாயைப் பற்றி இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும், றொனால்ட் அண்ணை. அஞ்சு நாள் வேலை. முடிச்சுப்போட்டுத் திறப்பைத் தந்திடுவன்."

அவர் அறைச் சாவியை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை.

"கீழ பம்ப் இன்னும் ஓடிக்கொண்டுதான் கிடக்கு. விசாரணைக்கு வந்த ஆக்களும் நிப்பாட்டேல்லை. எனக்கு எப்பிடி நிப்பாட்டுறது எண்டு தெரியாது. பதினொரு மாசமா ஓடுது."

"அது நல்லதுதான். உள்ளுக்கு ஒண்டும் மிஞ்சியிருக்காது."

றொனால்ட் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு முதல் மேல வந்திடுங்கோ," என்றார். "அதோட என்ர ஷிப்ட் முடியுது."

அவருடைய ஷிப்ட் எட்டு மணிக்குத்தான் முடியும் என்பது அஜந்தாவுக்குத் தெரியும். அவள் படியிறங்கினாள்.

அஜந்தா விண்மீன்கள் பிறக்கும் இடங்களை ஆராய்பவள். அவை பெரிய இருண்ட மேகங்கள். குளிர்ந்த வாயுவும் தூசும் நிறைந்தவை. தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் அந்த வாயு உள்நோக்கி விழுந்து விழுந்து, இலட்சக்கணக்கான வருடங்களுக்குப் பிறகு ஒரு விண்மீனாக மூண்டெரியும். அதுவரை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி வராது. ஆனால் அந்த இருட்டுக்குள் சுழலும் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ரேடியோ அலையை வெளிவிடும். தொலைநோக்கியின் வரைபடத்தில் அது ஒரு கோடாக எழும்பும். கோட்டின் இடத்தைப் பார்த்தால் இது தண்ணீர், இது அமோனியா என்று சொல்லிவிடலாம். கைரேகை மாதிரி, ஒன்றினது இன்னொன்றுக்கு வராது.

போன வருடம் அவள் பார்த்த மேகம் ஒன்றில் யாருக்கும் தெரியாத ஒரு கோடு இருந்தது. அது எந்த மூலக்கூறு என்று அறிய ஒரே வழி, சந்தேகப்படும் வாயுவைப் பூமியிலேயே ஒரு குழாயில் அடைத்து அளந்து பார்ப்பது. அந்த வேலையைச் செய்தவர் சுபாஸ்கரன். பத்து மீற்றர் நீளக் கண்ணாடிக் குழாயை இந்த நிலக்கீழ் அறையில் தன் கையாலேயே கட்டியவர். காற்று முழுவதையும் பம்பால் உறிஞ்சி எடுத்து, ஒரு துளி வாயுவை உள்ளே விட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலையைச் செலுத்தி, எந்த அலை வாயுவால் விழுங்கப்படுகிறது என்று கணினியில் பார்ப்பார்.

போன டிசம்பர், நத்தார் விடுமுறையில், வழக்கம்போல் வீட்டுக்குப் போகாமல் நாள்கணக்கில் தங்கி வேலை செய்தபோது, அந்தக் குழாயின் அருகே, அவர் தனியே இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. சிறுவயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் வாழ்ந்தவர். கொண்டுவந்த இன்சுலின் முடிந்துபோனது என்றும், நிலைமை மோசமாவதை அவர் உணரவில்லை என்றும், யார் மீதும் பிழை இல்லை என்றும் அறிக்கை எழுதினார்கள்.

அஜந்தா கதவைத் திறந்தாள்.

பம்பின் முனகல். தரையெங்கும் தூசு. அவருடைய தடித்த குளிர்ச்சட்டை மேசையடிக் கதிரையின் முதுகில் இன்னும் போட்டபடி இருந்தது. அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை குழாய் நீண்டு கிடந்தது. ஒரு ஆள் கைகளைக் கோத்து அணைத்துக்கொள்ளக்கூடிய பருமன்.

ஒரு வாசனை வந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த பழமும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் கலந்தது போல. இனிப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குமட்டியது.

குழாயைக் கழற்றுமுன் அந்தத் தெரியாத கோட்டை ஒரு தடவையாவது அளந்துவிட நினைத்திருந்தாள். அதற்கு முதல் வேலை, வெறும் குழாயை அளப்பது. உள்ளே ஒன்றும் இல்லாதபோது கணினித் திரையில் நேர்கோடுதான் வரவேண்டும். அவள் கருவியைச் சூடாக்கி, அலையைச் செலுத்தினாள்.

நேர்கோடு வரவில்லை.

ஆறேழு இடங்களில் கோடுகள் எழும்பி நின்றன. ஒன்று தண்ணீர். எங்கோ ஒழுக்கு இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று நினைத்தாள். அழுத்தமானியைப் பார்த்தாள். முள் பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒழுக்கு இல்லை. மற்றக் கோடுகளை அட்டவணையில் தேடினாள். அமோனியா. கொஞ்சம் மதுசாரம், சாராயத்தில் இருப்பது. எல்லாவற்றையும் விட உயரமாக, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருக்கும் அசிட்டோன்.

குழாயைக் கழுவிய திரவத்தின் மிச்சமாக்கும் என்று சொல்லிக்கொண்டு, குழாயைச் சுற்றியிருந்த சூட்டுப் பட்டியைப் போட்டுவிட்டு மேலே வந்தாள். இராமுழுவதும் சூடாக்கினால் ஒட்டியிருப்பது எல்லாம் கழன்று போய்விடும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது கோடுகள் இன்னும் உயர்ந்திருந்தன.

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை. அசிட்டோன் கோடு எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று பார்க்க, அது ஒன்றை மட்டும் நொடிக்கு நொடி வரையும்படி கணினிக்குச் சொன்னாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

ஏறியது.

இறங்கியது.

ஏறியது. இறங்கியது.

பம்பின் அதிர்வு என்று நினைத்தாள். ஆனால் பம்ப் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. இது சீராக இல்லை. நிமிடத்துக்கு இருபத்தெட்டு, முப்பது தடவை ஏறி இறங்கியது; ஒவ்வொன்றும் ஆழமாக, அவசரமாக. சில வேளை நடுவில் நின்றது. நின்று, அடுத்தது முன்னதை விடப் பெரிதாக எழும்பியது.

இயந்திரங்கள் அப்படி நின்று நின்று வேலை செய்வதில்லை.

அவள் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நெஞ்சு நோகத் தொடங்கிய பிறகுதான் கவனித்தாள். அந்தப் புள்ளியோடு சேர்ந்து தானும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர். அமோனியா. மதுசாரம். அசிட்டோன்.

இதே வகைக் கருவியை வைத்து மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் வேறு ஒன்றை அளப்பார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் இந்தப் பட்டியலை அவள் பார்த்திருக்கிறாள்.

மனிதனின் மூச்சு.

எல்லார் மூச்சிலும் அசிட்டோன் கொஞ்சம் இருக்கும். இவ்வளவு இருக்க ஒரு காரணம்தான் உண்டு. இன்சுலின் இல்லாத உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துத் தின்னும்போது மூச்சு அப்படி மணக்கும். அழுகிய பழம் போல. அப்போது ஆள் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குவான்.

அஜந்தா படிகளில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. றொனால்டின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டார்.

"மணம் வந்ததோ?" என்றார் மெல்ல.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தானே அவரைக் கண்டெடுத்தது. இருபத்தெட்டாம் திகதி காலமை." அவருடைய கை சட்டைப் பைக்குள் போய்ச் செபமாலையைப் பிடித்தது. "தங்கச்சி, நான் இதை விசாரணையில சொல்லேல்லை. இருபத்தேழாம் திகதியும் நான் வேலைதான். சுத்திப் பாக்கேக்க கதவுக்குக் கீழால வெளிச்சம் தெரிஞ்சுது. பம்ப் ஓடுது. சுபாஸ் வேலை செய்யுறார், ஏன் குழப்புவான் எண்டு திரும்பி வந்திட்டன். தட்டியிருக்கலாம். ஒருக்காத் தட்டியிருக்கலாம்."

"அவர் எப்பிடிக் கிடந்தவர்?"

றொனால்ட் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "குழாயில வாயு விடுற சின்ன வால்வு இருக்கெல்லோ. அதில வாயை வைச்சபடி. ரெண்டு கையாலயும் குழாயைக் கட்டிப் பிடிச்சிருந்தவர். அந்த வால்வு திறந்து கிடந்தது. நான்தான் மூடினன்."

அஜந்தா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் அப்படிச் செய்தார்? தன் மூச்சு கருவியில் பதியட்டும், பிறகு யாராவது பார்த்து விளங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தாரா? அல்லது நினைவு தடுமாறிப்போய், தண்ணீர்க் குழாய் என்று வாயை வைத்தாரா? அவருக்கு அப்போது தாங்க முடியாத தாகம் இருந்திருக்கும்.

றொனால்ட் தன் பிழையைச் சொல்லிவிட்டார். அஜந்தாவால் தன்னுடையதைச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை பேருந்தில் வரும்போது இடையில் இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தாள். இருந்தும் வந்தாள். வராமல் இருப்பது இன்னும் கொடுமையாக இருந்தது.

திரையில் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேற்றையதை விடத் திணறலாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பம்ப். பதினொரு மாதமாக ஒரு நிமிடம் கூட விடாமல், குழாய்க்குள் இருப்பதை எல்லாம் வெளியே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது பம்ப்.

அவள் ஓடிப்போய்ப் பம்பின் வால்வை அடைத்து, விசையை நிறுத்தினாள். அறை முழுவதும் ஒரு திடீர் அமைதி. காது வலித்தது.

திரையில் புள்ளி மெல்ல மெல்ல ஆறியது. இருபத்தாறு. இருபத்து நாலு.

அவள் குழாயின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கண்ணாடியில் கையை வைத்தாள்.

"அண்ணை," என்றாள். "சுபாஸ் அண்ணை."

புள்ளி நின்றது.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பது போல.

"நான் அஜந்தா."

புள்ளி எகிறியது. முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. கோபமா, பயமா, அவளைக் கண்ட ஆறுதலா, அவளுக்குத் தெரியவில்லை. கையின் கீழே கண்ணாடி மெல்லியதாக அதிர்ந்தது.

அவள் அழத் தொடங்கினாள். பதினொரு மாதமாக அழாத அழுகை.

திங்கட்கிழமை இடிப்புக்காரர்கள் வருவார்கள். குழாயை உடைத்துத் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போவார்கள். பல்கலைக்கழகத்தில் யாரிடம் போய் என்ன சொல்வது? வெற்றிடத்துக்குள் ஒருவர் மூச்சு விடுகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றா? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலையில், இத்தனை மாதமும் தவிர்த்து வந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

கமலாம்பிகை சுபாஸ்கரனின் மனைவி. பிள்ளைகள் இல்லை. நகரின் தென்புறத்தில், தோர்ண்டன் ஹீத்தில் தனியே இருந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு எத்தனையோ தடவை அஜந்தாவுக்கு எடுத்திருக்கிறாள். "கடைசியா உம்மோட ஏதும் கதைச்சவரோ?" என்ற ஒரே கேள்வி. இரண்டு தடவை "இல்லை அக்கா" என்று சொன்ன பிறகு, அஜந்தா அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கமலாம்பிகை வந்தாள். வரும் வழியில் முருகன் கோயில் வாசலைக் கடந்துதான் வந்திருப்பாள். உள்ளே போகவில்லை என்று அவளே சொன்னாள். றொனால்ட் படியிறங்கிக் கூட வந்து, கதவடியில் நின்றுவிட்டார்.

அஜந்தா எல்லாவற்றையும் காட்டினாள். விளக்கத் தேவையிருக்கவில்லை. கமலாம்பிகை கதவைக் கடந்து இரண்டு எட்டு வைத்ததுமே மூக்கை உயர்த்தி நின்றுவிட்டாள். இருபது வருடம் அவருடைய சீனி ஏறுவதை மணத்திலேயே பிடித்தவள்.

"இவர்தான்," என்றாள்.

அவள் திரைக்கு முன்னால் போய் இருந்தாள். புள்ளி ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கையை நீட்டித் திரையைத் தடவினாள்.

"சரியாக் கஷ்டப்படுறார்."

"அக்கா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

கமலாம்பிகை திரும்பவில்லை.

"இருபத்தாறாம் திகதி காலமை எனக்கு எடுத்தவர். இந்த லேண்ட்லைனில இருந்து. இன்சுலின் முடியுது, வீட்டை போட்டு வரட்டோ எண்டு கேட்டவர். நான்... இன்னொரு குழு எங்களுக்கு முதல் அந்தக் கோடு என்னெண்டு கண்டுபிடிச்சிடும் எண்ட பயம் எனக்கு. இப்ப நிப்பாட்டினா முதல்ல இருந்து துவங்கவேணும், இன்னும் நாலு மணித்தியாலம்தானே அண்ணை எண்டு சொன்னன். அவர் சரி, பாப்பம் எண்டவர். குரல் ஒரு மாதிரித்தான் இருந்தது. எனக்கு விளங்கினது அக்கா. விளங்கியும் நான் கேக்கேல்லை."

புள்ளி மட்டும் ஏறி இறங்கியது.

"அப்ப அவர் கேட்டிருக்கிறார்," என்றாள் கமலாம்பிகை. குரல் உயரவில்லை. "வீட்டை போகக் கேட்டிருக்கிறார். நீ விடேல்லை."

அதுவரை எப்போதும் 'நீர்' என்றே பேசியவள்.

அவள் எழுந்து குழாயிடம் போனாள். அந்தச் சின்ன வால்வின் முன்னால் குந்தினாள். அவர் வாய் வைத்ததாக அஜந்தா காட்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "நான் வந்திட்டன். வாங்கோ, வீட்டை போவம்."

"அக்கா, பொறுங்கோ! திறந்தா ஒண்டும் வெளியில வராது. உள்ளுக்கு வெற்றிடம். வெளிக்காத்துத்தான் உள்ள போகும்!"

கமலாம்பிகை வால்வைத் திருகினாள்.

ஒரு சீறல். நீண்ட, நீண்ட சீறல். அறையிலிருந்த காற்று முழுவதையும் யாரோ ஒரே இழுப்பில் இழுப்பது போல. மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. கமலாம்பிகையின் தலைமயிர் வால்வை நோக்கிப் பறந்தது. அஜந்தா அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் குழாயை விடவில்லை.

அந்த மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஒரு தடவை கூட வெளியே வரவில்லை.

சீறல் ஓய்ந்தபோது திரையில் நேர்கோடு. வெளிக்காற்று நிறைந்த குழாயில் எந்தக் கோடும் தெரியாது; எல்லாம் கரைந்துபோகும். வாசனையும் இல்லை. கதவடியில் றொனால்ட் முழங்காலில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கமலாம்பிகை எழுந்து, கதிரையிலிருந்த குளிர்ச்சட்டையை எடுத்துப் போர்த்திக்கொண்டு படியேறிப் போனாள்.

திங்கட்கிழமை குழாயை உடைத்தார்கள். அஜந்தா தெருவின் மறுபக்கத்தில் நின்று, கண்ணாடித் துண்டுகள் லொறியில் விழும் சத்தத்தைக் கேட்டாள். தெரியாத அந்தக் கோட்டை அவள் அதற்குப் பிறகு அளக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கமலாம்பிகை தொலைபேசி எடுத்தாள்.

"அஜந்தா, வந்திட்டார்."

குரல் குழறியது. ஆனால் அதில் ஒரு சந்தோசம் இருந்தது. அந்தச் சந்தோசம்தான் அஜந்தாவைப் பயமுறுத்தியது. அடுத்த ரயிலைப் பிடித்தாள்.

பகல் இரண்டு மணி. வீட்டின் சன்னல்கள் எல்லாம் உட்புறத்தில் பொதிகட்டும் பழுப்பு நாடாவால் ஒட்டப்பட்டிருந்தன. கதவு ஒரு சாண்தான் திறந்தது.

"கெதியா உள்ள வா. கதவைத் திறந்து வைக்காதை. அவர் போயிடுவார்."

அஜந்தா உள்ளே போனதும் கமலாம்பிகை கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாய்களைத் திணித்தாள். வீடு புழுங்கியது. அந்த வாசனை சுவர்களிலெல்லாம் ஊறியிருந்தது. கமலாம்பிகையின் முகம் சாம்பல் நிறமாக, வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. கைகள் நடுங்கின. குளிர்ச்சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"அங்கை பார்."

முன்னறைச் சன்னல். வெளியே குளிர், உள்ளே கண்ணாடியில் ஒரு கையகல மூடுபனி படிந்திருந்தது. கதிரையில் இருக்கும் ஒரு மனிதனின் முகம் வரும் உயரத்தில்.

அது விரிந்தது.

சுருங்கியது.

விரிந்தது.

"இன்னும் மூச்சு வாங்குது. சுகமாகேல்லை அவருக்கு. டொக்டரிட்டக் காட்டவும் ஏலாது." கமலாம்பிகை சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். அதில் இன்சுலின் பேனாக்கள் வரிசையாகக் கிடந்தன. குளிர்பெட்டியில் ஒரு வருடமாக எறியாமல் வைத்திருந்தவை. பாதி வெறுமை.

அஜந்தா ஒரு பேனாவைத் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, உதென்ன செய்தனீங்கள்?"

"அவருக்கு ஊசி போட உடம்பில்லையே." அவள் சிரித்தாள். "அதுதான் அவருக்குப் பதிலா நான் போடுறன். நேற்றையில இருந்து. போட்டால் கொஞ்சம் ஆறுதலா..."

சொல்லி முடிக்கவில்லை. கண்கள் மேலே சொருக, மேசைக்கும் கதிரைக்கும் நடுவே சரிந்து விழுந்தாள்.

அஜந்தா சீனிப் போத்தலைத் தேடி எடுத்து, தண்ணீரில் நனைத்த விரலால் சீனியைத் தொட்டு அவளுடைய பல் ஈறில் தேய்த்தாள். மற்றக் கையால் அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். கமலாம்பிகையின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அறையில் காற்றே இல்லை. அஜந்தாவுக்கும் கண் இருட்டியது. எழுந்து சன்னலடிக்குப் போனாள். கண்ணாடியில் மூடுபனி அவளுடைய முகத்துக்கு நேரே விரிந்து சுருங்கியது. இப்போது மிக வேகமாக.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றாள். "ஒராளையாவது காப்பாத்த விடுங்கோ."

நாடாவைப் பிய்த்து, சன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. மூடுபனி மறைந்தது.

கமலாம்பிகை பிழைத்தாள். இன்னும் அரை மணி போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, அவள் கண் விழித்து முதலில் பார்த்தது அஜந்தாவைத்தான்.

"எங்கை அவர்?"

அஜந்தா போர்வையை இழுத்து அவளுடைய கையை மூடினாள்.

"உன்னைத்தான் கேக்கிறன். எங்கை விட்டனீ அவரை?"

கமலாம்பிகை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அஜந்தா அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், மிஞ்சியிருந்த பேனாக்களை எடுத்துப் பையில் போட்டு, சன்னலைச் சாத்திக் கதவைப் பூட்டினாள். வீட்டில் மணம் இல்லை. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. வெறும் வீடு. அவள் நடைபாதையில் நின்று வாய்விட்டு அழுதாள். கடைகளின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒரு தமிழ்க் கடைக்காரர் மரக்கறிப் பெட்டிகளை உள்ளே தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலே முக்கால் ரயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. நத்தார் கடைகளுக்குப் போகிறவர்கள். பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவழியெல்லாம் நின்றார்கள். அஜந்தாவுக்கு எப்படியோ ஓர் இருக்கை கிடைத்தது. ரயில் புறப்பட்டுச் சில நிமிடங்கள் கழித்துத்தான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கவனித்தாள். சன்னலோர இருக்கை. இவ்வளவு பேர் நிற்கிறார்கள். ஒருவரும் அதில் உட்காரவில்லை.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

சன்னலுக்கு வெளியே இருட்டு. கண்ணாடியில் பெட்டியின் விளக்குகளும் அவளுடைய முகமும் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு கையகல மூடுபனி.

விரிந்தது.

சுருங்கியது.

அடுத்த நிலையத்தில் பைகள் சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறினாள். காலி இருக்கையைக் கண்டதும் முகம் மலர்ந்து, அஜந்தாவின் முழங்காலைத் தாண்டி உள்ளே வந்தாள். பையை இறக்கி, உட்காரப் போனவள், பாதியில் துள்ளி எழுந்தாள்.

"ஓ, ஸொறி," என்றாள்.

அஜந்தாவைப் பார்த்துச் சொல்லவில்லை. இருக்கையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, பைகளை அள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் பின்வாங்கினாள்.

கதவுகள் மூடின. விக்டோரியா நிலையம் போய்ச் சேர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.